"அவர்" என்று படித்ததை "நீர்" என்று சொல்ல: இறையியல் படிப்பை ஆராதனையோடு இணைக்க ஒரு மலையக வழிகாட்டி

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துச் சின்ன ஆலயத்தில், சில வருடங்களுக்கு முன்னர், திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், ஆவி என்று மூவராய் இருக்கும் ஒரே கடவுளைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். பகுதிநேரமாக இறையியல் படிக்கத் தொடங்கிய புதிது. தலை நிறையக் குறிப்பு, கையில் ஆறு பக்கம். சாராம்சம், ஆள்தன்மை என்று முக்கால் மணித்தியாலம் வெளுத்து வாங்கினேன். முடிந்து வெளியே பிளேன்டீயோடு நிற்கும்போது, எப்போதும் முன்வரிசையில் உட்காரும் பாட்டி ஒருவர் கிட்ட வந்தார்.

"தம்பி, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா கடைசியில ஜெபம் பண்ணும்போது அதுல ஒன்னுமே வரலியே. வழமையா பண்ற ஜெபந்தானே பண்ணுனீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மை அதுதான். பிதா, குமாரன், ஆவி என்று அவ்வளவு நேரம் பேசியவன், கண்ணை மூடியதும் "அன்பான ஆண்டவரே, இந்த நல்ல நேரத்துக்காக நன்றி" என்று பழைய தடத்திலேயே போயிருந்தேன். படித்தது ஒரு அறையில் கிடந்தது, ஜெபம் இன்னொரு அறையில் நடந்தது. இரண்டுக்கும் நடுவே கதவில்லை.

அந்தக் கதவைத் திறக்க நான் பழகிய முறையைத்தான் கீழே எழுதுகிறேன். உபதேசியார், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாலிபர் சங்கத்தில் ஜெபம் நடத்துகிறவர், வீட்டிலிருந்தே இறையியல் படிக்கிறவர் என்று யாரும் செய்து பார்க்கலாம். பெரிய நூலகம் தேவையில்லை. ஒரு கொப்பி, இரண்டு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புகள், கூட உட்கார இரண்டு மூன்று பேர் போதும்.

முதலில் கொப்பியைத் திறவுங்கள்

புத்தகத்தில் தொடங்காதீர்கள். உங்கள் சபை ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கேட்பதில் தொடங்குங்கள். ஆராதனை நடக்கிற இடத்தில் இறையியல் இல்லாமல் இருக்க முடியாது. யாரும் எழுதி வைக்காவிட்டாலும், ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஜெபமும் கடவுளைப் பற்றி ஏதோ ஒன்றைச் சாதிக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அக்கித்தேன் நாட்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் புரோஸ்பர் எழுதிய ஒரு வரி பின்னாளில் சுருங்கி, "ஜெபிக்கும் நெறியே விசுவாசிக்கும் நெறி" என்று திருச்சபையில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. சனங்கள் எதை நம்புகிறார்கள் என்று அறிய அவர்களுடைய விசுவாச அறிக்கையைப் பார்ப்பதைவிட அவர்கள் ஜெபிப்பதைக் கேட்பது மேல் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு ஞாயிறு தொடர்ந்து குறித்து வாருங்கள். யாரைப் பார்த்துப் பாடுகிறோம்? பிதாவையா, இயேசுவையா, ஆவியையா, அல்லது ஒருவருக்கொருவர் பாடுகிறோமா? "நான்" எத்தனை தடவை வருகிறது, "நாங்கள்" எத்தனை தடவை வருகிறது? என்ன கேட்கிறோம்? எதைக் கேட்பதே இல்லை?

கடைசிக் கேள்விதான் சுடும். என்னுடைய கொப்பியில் நான்கு ஞாயிறும் சுகம், வேலை, பரீட்சை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இருந்தன. சம்பளம் ஒரு தடவைகூட இல்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகச் சனங்கள் வருடக்கணக்கில் போராடிய காலத்தின் கொப்பி அது. (1,000 ரூபாய் நடைமுறைக்கு வந்தது 2021இல்தான்.) காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசலிலும் பேசப்பட்ட ஒரே பேச்சு ஆலய வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த மலைகளில் தமிழில் ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய பழைய மிஷன் ஒன்றுக்குத் "தமிழ் கூலி மிஷன்" என்றே பெயர். அதைத் தொடங்கிப் பணம் கொடுத்ததில் தோட்டத்துரைமாருக்குப் பெரிய பங்கு இருந்தது. லயம் லயமாக நடந்துபோன உபதேசியார்மார் உண்மையான அன்போடுதான் போனார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் துரை பணம் கொடுக்கும் ஆராதனையில் எதற்காக ஜெபிக்கலாம், எதற்காக ஜெபிக்கக் கூடாது என்ற கோடு எங்கேயோ விழுந்திருக்கும். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை என்பது என் எண்ணம்.

ஒரு கிழமைக்கு ஒன்று

கொப்பியில் கண்ட இடைவெளிகளில் ஒன்றை எடுங்கள். ஒன்றுதான். கிருபை, படைப்பு, உயிர்த்தெழுதல் மூன்றையும் ஒரே ஞாயிற்றில் இணைக்கப் போனால் என் திரித்துவப் பிரசங்கம் மாதிரித்தான் ஆகும். ஒரு வசனத்தோடு, அல்லது விசுவாச அறிக்கையின் ஒரு வரியோடு, திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும் இருங்கள்.

படிப்பு: 121ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம்

மலையகத்தில் இந்தச் சங்கீதம் தெரியாத கிறிஸ்தவர் இல்லை. பிரயாணத்துக்குப் போகும்போதும் சாவு வீட்டிலும் இதைத்தான் வாசிக்கிறோம். பழைய புரொட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் முதல் வசனம் இப்படி இருக்கிறது: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." பொது மொழிபெயர்ப்பை எடுத்தால் இப்படி: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?"

இரண்டையும் சத்தமாக வாசியுங்கள். கண்ணால் வாசித்தால் பிடிபடாது. முதலாவதில் மலைகளிலிருந்து ஒத்தாசை வருகிறது. இரண்டாவதில் மலையைப் பார்த்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. எபிரேய மூலத்தில் இருப்பது "எங்கிருந்து" என்ற கேள்விச் சொல்தான். இரண்டாம் வசனம் அதற்குப் பதில்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடத்திலிருந்து. அதாவது மலை உதவி தருவதாகச் சங்கீதக்காரன் சொல்லவில்லை. மலையைப் பார்த்து அவனுக்குப் பயம் வந்திருக்கலாம், மலையில் இருந்த அந்நிய தெய்வங்களின் மேடைகளும் பலிகளும் நினைவுக்கு வந்திருக்கலாம். எது எப்படியோ, அவன் நம்புவது மலையை அல்ல, மலையை உண்டாக்கினவரை.

இது எங்களுக்கு வெறும் மொழிபெயர்ப்புச் சங்கதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்" என்று சாவு வீட்டில் வாசிக்கும்போது, கேட்கிறவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள்? ஜன்னலுக்கு வெளியே அதே மாதிரி ஒரு மலை நிற்கிறது. அங்கே "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று கேள்வியாகவே வாசிப்பதுதான் நேர்மை.

அடுத்து, சங்கீதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 120 முதல் 134 வரைக்கும் உள்ள பதினைந்து சங்கீதங்களுக்கும் "ஆரோகண சங்கீதம்" என்ற தலைப்பு உண்டு. எருசலேமுக்கு ஏறிப்போகிற யாத்திரிகர் பாடியவை என்பது பரவலான விளக்கம். ஏறுவது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொழுந்துக்கூடையோடு மலை ஏறுகிறவர்களுக்கு "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்பது உவமை இல்லை, காலை எங்கே ஊன்றுவது என்ற அன்றாடக் கவலை.

பிறகு, திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடுங்கள். எட்டே வசனங்களில் "காத்தல்" என்ற எபிரேய வினை ஆறு தடவை வருகிறது. சங்கீதத்தின் நெஞ்சு அங்கேதான் அடிக்கிறது.

கடைசியாக, யார் பேசுகிறார் என்று பாருங்கள். இதை எனக்குக் காட்டியவர் எங்கள் படிப்புக் குழுவிலுள்ள ஒரு அக்கா. பெரிய படிப்பு எதுவும் இல்லாதவர். "முதல் ரெண்டு வசனத்துல 'என்' இருக்கு. மூணாவதுல இருந்து எல்லாம் 'உன்'. ஆள் மாறிருச்சே?" என்றார். சரிதான். முதல் இரண்டு வசனங்களைப் போகிறவர் சொல்கிறார். மீதியை வழியனுப்புகிறவர் சொல்கிறார். வருடக்கணக்காக நாங்கள் இதை ஒருவரே முழுவதும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிறு மாற்றினோம். கொழும்புக்கு வேலைக்குப் போகவிருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்று முதல் இரண்டு வசனத்தை வாசித்தாள். சபை முழுக்க அவளைப் பார்த்து, "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்று தொடர்ந்தது. "உன் போக்கையும் உன் வரத்தையும்" என்று வந்தபோது அவளுடைய அம்மாவால் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். அன்றைக்கு நான் பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன்.

படிப்பில் முட்டுகிற இடத்தை மூடி மறைக்க வேண்டாம். "கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பார்" என்கிறது ஏழாம் வசனம். மீரியபெத்தையில்? இதற்கு ஒரு வரிப் பதில் வைத்திருக்கிறவரை நான் நம்பமாட்டேன். சங்கீதப் புத்தகமே 121ஐ வைத்திருக்கிற அதே கட்டுக்குள் 88ஐயும் வைத்திருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது, கடைசியில் நம்பிக்கை வரி எதுவும் ஒட்டப்படவில்லை. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று முகத்துக்கு நேரே கேட்கிறது. புலம்பலையும் ஆராதனை என்றுதான் இஸ்ரவேலர் பாடினார்கள். எங்கள் பாட்டுப் புத்தகங்களில் அதற்கு இடம் மிகக் குறைவு.

"அவர்" என்பதை "நீர்" ஆக்குவது

இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒரேயொரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இறையியல் புத்தகம் கடவுளைப் படர்க்கையில் பேசும்: அவர் படைத்தார், அவர் மீட்டார். ஜெபம் முன்னிலையில் பேசும்: நீர் படைத்தீர், நீர் மீட்டீர். படித்த ஒவ்வொரு முக்கிய வாக்கியத்தையும் அந்த வாரமே முன்னிலைக்கு மாற்றி எழுதுங்கள்.

பெரியவர்கள் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். அகுஸ்தீன் தன் வாழ்க்கையையும் காலம், ஞாபகம், படைப்பு பற்றிய தன் யோசனைகளையும் ஒரு முழுப் புத்தகமாகக் கடவுளைப் பார்த்தே எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம், கடவுள் இருக்கிறார் என்பதற்குத் தான் கண்ட புகழ்பெற்ற தர்க்கத்தை ஒரு ஜெபத்துக்குள் வைத்தார். தத்துவ வகுப்புகளில் தர்க்கத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பாடம் நடத்துகிறார்கள். மூலத்தில் அது "நீர்" என்று பேசுகிற ஒரு துறவியின் குரல். "நீ மெய்யாக ஜெபித்தால் நீ இறையியலாளன்" என்ற பொருள்பட 4ஆம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்ற துறவி எழுதினார். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. என்னையும் சேர்த்துத்தான்.

எப்படி மாற்றுவது? படித்த வாக்கியம்: "கடவுள் தாம் படைத்ததைத் தொடர்ந்து பேணிக் காக்கிறார்."

முதல் முயற்சி: "கடவுளே, நீர் படைத்ததைத் தொடர்ந்து பேணிக் காக்கிறீர்." விகுதி மட்டும் மாறியிருக்கிறது. இன்னும் பாடப்புத்தக வாசனை போகவில்லை. கடவுளுக்கே பாடம் எடுக்கிற ஜெபம் இது. படித்தவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்.

இரண்டாம் முயற்சி, நாங்கள் கண்டதை உள்ளே கொண்டுவருகிறது: "ராத்திரி மழை பிடித்தபோது நாங்கள் உறங்கவில்லை. நீரும் உறங்கவில்லை என்று நம்புகிறோம்."

மூன்றாவது, கேட்கிறது: "மேல் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்து நிற்கிறது. அதை நீர் பார்க்கிறீர். பார்க்க வேண்டியவர்களும் வந்து பார்க்கும்படி செய்யும்."

மூன்றையும் சேர்த்தால் ஒரு நல்ல ஜெபம் கிடைக்கிறது. பழைய வழிபாட்டுப் புத்தகங்களில் அந்தந்த ஞாயிறுக்கென்று உள்ள குட்டி ஜெபங்களை எடுத்துப் பாருங்கள். கடவுளை அழைப்பது, அவர் யார் என்று ஒரு வரி, ஒரு வேண்டுதல், அது எதற்காக என்று ஒரு வரி, "இயேசு கிறிஸ்து வழியாக" என்ற முடிவு. நான்கைந்து வரியில் முழு எலும்புக்கூடும் இருக்கும். "அவர் யார்" என்ற வரியில்தான் உங்கள் படிப்பு உட்காரும். வேண்டுதல் அந்த வரியிலிருந்து முளைக்க வேண்டும். உறங்காதவர் என்று அழைத்துவிட்டுப் பரீட்சைக்கு ஞானம் கேட்டால், இரண்டும் ஒட்டாது.

ஒரு துணைச் சங்கதி. வீட்டில் அப்பாவை "நீங்க" என்கிறோம், ஆலயத்தில் கடவுளை "நீர்" என்கிறோம். வாலிபர் சிலர் "நீங்க" என்றே ஜெபிக்கிறார்கள், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் "நீர்" பக்கம். ஆனால் "நீங்க" என்று ஜெபிக்கிற பிள்ளை பொய்யில்லாமல் ஜெபித்தால், இலக்கணம் திருத்தப் போகமாட்டேன்.

ஒரு உருபுக்காக ஒரு புத்தகம்

"இவ்வளவு நுணுக்கமாகச் சொல் பார்க்க வேண்டுமா?" என்று கேட்பவர்களுக்குச் செசரியா பேராயர் பசிலின் கதையைச் சொல்வேன். 370களில் அவர் ஆராதனையில் துதி சொல்லும்போது, சில வேளை "குமாரன் வழியாக, பரிசுத்த ஆவியில் பிதாவுக்கு மகிமை" என்றார். சில வேளை "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் பிதாவுக்கு மகிமை" என்றார். இரண்டாவதைக் கேட்டுச் சிலர் கொதித்தார்கள். ஆவியைப் பிதாவோடு சமமாக வைப்பது புதுமை என்றார்கள். பசில் பதிலாகப் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு முழு நூலையே எழுதினார்.

தமிழ் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சண்டை வேற்றுமை உருபில். "வழியாக" என்பதா, "ஓடு" என்பதா? "தாயொடு அறுசுவை போம்" என்று படித்த நாங்கள் "ஓடு" என்பது எவ்வளவு நெருக்கம் என்று அறிவோம். பசில் 379இல் இறந்தார். 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு வந்த விசுவாச அறிக்கை, ஆவியானவர் பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்பட்டு மகிமைப்படுத்தப்படுகிறவர் என்று சொல்லுகிறது. கவனியுங்கள்: ஆவி கடவுள் என்பதை அந்த வரி தொழுகையை வைத்தே சொல்கிறது. இவரைத் தொழுகிறோம் அல்லவா, அப்படியானால் இவர் யார் என்று யோசியுங்கள் என்கிற மாதிரி. இங்கே ஆராதனை முன்னால் போகிறது, இறையியல் பின்னால் நடந்து வருகிறது.

இதை வைத்து ஒரு பயிற்சி: ஒரு ஞாயிறு, விசுவாச அறிக்கையை அந்த ஒரு வரியில் நிறுத்தி, அரை நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுத் தொடருங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

மலைக்குப் போய் வந்த காது

எழுதிய ஜெபத்தைச் சனிக்கிழமை பின்னேரம் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து வந்தவராக இருக்க வேண்டும். அவர் முகம் எந்த இடத்தில் வெறுமையாகிறதோ அங்கே கோடு போடுங்கள். "சர்வவியாபியான" என்ற சொல்லில் நான் மூன்று தடவை கோடு போட்டிருக்கிறேன். "நீர் இல்லாத மலை இல்லை" என்றதும் சரியாகிவிட்டது.

ஆனால் எல்லாக் கடினச் சொல்லையும் உதற வேண்டாம். கிருபை, மீட்பு, உடன்படிக்கை போன்றவை பழகப் பழகத் திறக்கும் சொற்கள். "கிருபை" என்றால் என்ன என்று கேட்டபோது ஒருவர், "பேர் போடாத நாளுக்கும் சம்பளம்" என்றார், அதாவது வேலை செய்ததாகப் பதியாத நாளுக்கும். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் குறிப்பிலும் வாசித்ததில்லை. திராட்சத்தோட்ட வேலைக்காரர் உவமை, மத்தேயு 20, அவருக்குள் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒழுங்கில் எங்கே வைப்பது

படித்ததைப் பிரசங்கத்தில்தான் வைக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். பல நேரம் பிரசங்கம்தான் அதற்கு மோசமான இடம். கத்தோலிக்கத் திருப்பலியில் ஒழுங்கு கட்டுப்பட்டது என்றாலும், விசுவாசிகள் மன்றாட்டுகளை எழுத இடமுண்டு. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் பாவ அறிக்கைக்கு முந்திய அழைப்பு, பரிந்துரை ஜெபம், கடைசி ஆசீர்வாதம் மூன்றும் திறந்த வாசல்கள். சுயாதீன சபைகளில் எல்லாமே திறந்திருக்கிறது, அதனாலேயே அங்கே கவனம் கூட வேண்டும். தடுக்க யாரும் இல்லாத இடத்தில் ஒரே ஆளின் ஒரே ஜெபம்தான் வருடம் முழுக்க ஓடும்.

பாட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன். அன்றைய பாடத்தைச் சுமக்கிற பாட்டு ஒன்றே ஒன்று. மற்றவை சனங்கள் விரும்பிப் பாடுபவையாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த இறையியலாளர் டி. டி. நைல்ஸ் உலகத் திருச்சபை மேடைகளில் பேசியவர். அவரே ஆசியத் திருச்சபைகளுக்கான ஒரு பாடல் தொகுப்பையும் 1963இல் தொகுத்து வெளியிட்டார். இறையியல் பேசுகிறவர் பாட்டுப் புத்தகத்துக்கும் உழைப்பது இறக்கம் அல்ல என்பதற்கு அவரே சாட்சி. அதே 1963இல்தான் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கி, சிங்களத்திலும் தமிழிலும் ஊழியர்களைப் பயிற்றுவிக்க முன்வந்தது. அதே வருடம் டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டு, சனங்களின் மொழிக்குத் திருப்பலியில் வழி திறந்தது. மூன்றும் ஒரே ஆண்டில் நடந்ததை நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பந்தியும் நேரமும்

படிப்பு உண்மையாக ஆராதனைக்குள் போனால் சொற்கள் மட்டும் மாறாது, மணிக்கூடும் மாறும். எங்களுக்கு நடந்தது இது. திருவிருந்தைப் பற்றி 1 கொரிந்தியர் 11ஐப் படித்தோம். அதுவரைக்கும் அந்த அதிகாரத்தை, "பாவம் இருந்தால் அப்பத்தைத் தொடாதே" என்று பயமுறுத்தத்தான் பாவித்தோம். முழுவதும் வாசித்தபோது பவுலின் கோபம் வேறெங்கோ இருந்தது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று பல ஆய்வாளர்கள் அதை விளக்குகிறார்கள். பவுல் சொல்லும் தீர்வு: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

வாசித்துவிட்டு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொழுந்து அதிகம் வரும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது அன்றன்று கிடைக்கும் கூலிக்கு, மலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒன்பது மணித் திருவிருந்து அவர்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கப் போகிறவர்களை நாங்கள் "ஆராதனைக்கு வராதவர்கள்" என்று பேர் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அந்த மாதங்களில் திருவிருந்தைப் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு வைத்தோம். முதல் நாள் சிலர் கூடையை ஆலயச் சுவரில் சாய்த்துவிட்டு, கொழுந்துக் கறை படிந்த கையோடு அப்பத்தை வாங்கினார்கள்.

எதிர்ப்பும் வந்தது. பின்னேரம் என்றால் மழை, மற்ற ஆட்களுக்குக் கரைச்சல், பழக்கத்தை மாற்றக் கூடாது என்றார்கள். ரோமர் நிருபத்தில் பவுல் பதினொரு அதிகாரம் இறையியல் பேசி, "ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!" என்று துதியில் முடித்து, அடுத்த மூச்சிலேயே சரீரங்களை ஜீவபலியாகக் கொடுப்பதுதான் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். சரீரம் என்றால் மழையில் நனைகிற சரீரமும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. சம்பளத்துக்காக ஜெபிக்கத் தொடங்கியதும் இந்த மாதங்களில்தான். அதற்கு வழிகாட்டியாக யாக்கோபு 5:4ஐ எடுத்துக்கொண்டோம். பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்கிற வசனம் அது.

எங்கே போய்ப் பார்ப்பது, எப்படி நாளை ஒதுக்குவது

படிப்புக்கும் ஜெபத்துக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கினால் கதவு மறுபடியும் மூடிக்கொள்ளும். ஜெபத்தோடு வாசியுங்கள், கேள்வி எழுந்தால் அதே இடத்தில் அதைச் சொல்லியே ஜெபியுங்கள். ஹப்புத்தளை அடிசம் மடத்துக்குப் போகும் பலர் பழைய பங்களாவையும் தோட்டத்தையும் பார்த்து, ஜேம் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். தவறில்லை, ஜேம் நல்லது. ஆனால் அங்கே இருக்கும் பெனடிக்ட் துறவிகளின் மரபைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொது ஜெபம், வேதத்தை மெல்ல மென்று வாசிப்பது, கைவேலை மூன்றும் ஒரே நாளுக்குள் மாறி மாறி வரும். எங்கள் ஆட்களுக்கு அதில் கைவேலை ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது. விடியற்காலை அடுப்பு மூட்டிவிட்டுத் தண்ணீர் கொதிக்கும் வரை ஒரு வசனம், மலையில் நிரை பிடித்து நிற்கும்போது அதே வசனம், படுக்குமுன் அதே வசனம். துறவற மடத்துக்கும் லயத்துக்கும் தூரம் நினைப்பதைவிடக் குறைவு.

கண்டிக்குப் போனால் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பாருங்கள். கண்டி இராசதானி மண்டபப் பாணியில், செதுக்கிய கல்தூண்களோடு, பக்கங்கள் திறந்து நிற்கிறது. உள்ளே டேவிட் பெயின்டர் வரைந்த சுவரோவியங்களில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார வைத்து, ஒன்றும் சொல்லாமல் கால் மணித்தியாலம் விடுங்கள். "இவரு ஏன் நம்ம கலண்டர்ல இருக்கிற மாதிரி இல்ல?" என்று யாராவது கேட்பார்கள். மனுவுருவாதல், அதாவது கடவுள் மனிதரானது, பற்றிய வகுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

மறுபடியும் கொப்பி

ஆராதனை முடிந்ததும், மற்றவர்கள் போன பிறகு, ஐந்து நிமிடம் கொப்பியைத் திறவுங்கள். எங்கே சனங்கள் கூடச் சேர்ந்து சொன்னார்கள், எங்கே வாய் மட்டும் அசைந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். அந்தக் கேள்விதான் அடுத்த கிழமைப் படிப்பு. புத்தகத்திலிருந்து ஆராதனைக்குப் போகும் பாதையை எல்லோரும் பேசுகிறார்கள். ஆராதனையிலிருந்து புத்தகத்துக்குத் திரும்பும் பாதையில்தான் புல் முளைத்துக் கிடக்கிறது.

121ஆம் சங்கீதம் வாசித்த அந்த ஞாயிறு, அதே பாட்டி மறுபடியும் வந்தார். பிரசங்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் வசனத்தில் அவருக்கு ஒரு சந்தேகம். "கர்த்தர் உன் வலதுபக்கத்திலே உனக்கு நிழலாயிருக்கிறார்னு வருதே தம்பி. இங்கன ஆறு மாசம் பனியும் மழையும். வெயிலு எப்ப வரும்னுதானே நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம். குளிர்ல நடுங்குற ஆளுக்கு நிழலு எதுக்கு?"

திங்கட்கிழமை இரவு கொப்பியில் முதல் வரியாக அதை எழுதினேன். பாலஸ்தீனத்து வெயில், யாத்திரிகர் நடந்த வறண்ட பாதை, அந்தச் சொல்லுக்கு எபிரேயத்தில் உள்ள மற்றப் பொருள்கள் என்று தேடத் தொடங்கியிருக்கிறோம். அந்த அக்கா ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார், தேயிலைக்கு நடுவே நிற்கிற நிழல் மரங்களை வைத்து.